சேக்காளிகள் வராமல் போகும்போது: டிமென்ஷியா வந்தவரின் நட்பைக் காப்பாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரை மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கிற பல செட்டுகளில் என் அப்பாவின் செட்டும் ஒன்று. ஐந்து பேர். நடந்து முடித்து, ஆளுக்கொரு டம்ளர் பருத்திப்பால் குடித்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து ஏழரை மணி வரை ஊர்க்கதை பேசுவார்கள். இருபது வருடப் பழக்கம். அப்பாவுக்கு அல்சைமர் (நினைவும் யோசனையும் தேய்ந்துகொண்டே போகிற டிமென்ஷியாவில் ஒரு வகை) என்று டாக்டர் சொன்ன எட்டாவது மாதம் அந்தச் செட்டில் அவர் இல்லை. யாரும் சண்டை போடவில்லை, யாரும் வராதே என்று சொல்லவுமில்லை. முதலில் ஒருநாள் போகவில்லை, அப்புறம் ஒரு வாரம், அப்புறம் யாரும் போன் செய்யவில்லை.

காரணம் எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. செட்டில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் உண்டு. அப்பாவிடம் என்றைக்கோ 500 ரூபாய் கைமாற்று வாங்கித் திருப்பியும் கொடுத்துவிட்டார். கொடுத்தது அப்பாவுக்கு நினைவில் இல்லை. "மாப்ள, அந்த ஐநூறு?" என்று கேட்டிருக்கிறார். மாமா பேசாமல் இன்னொரு 500 கொடுத்திருக்கிறார். அடுத்த வாரமும் கேட்க, அப்போதும் கொடுத்திருக்கிறார். மூன்றாவது முறை எல்லார் முன்னாலும் கேட்டபோது எழுந்து போய்விட்டார். நான் அவர் வீட்டுக்குப் போய், "மாமா, அது அப்பா கேட்டதில்லை, நோய் கேட்டது" என்று சொன்னதும் அவர் கண் கலங்கிவிட்டது. "என் மேல என்ன கோவமோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேம்மா" என்றார்.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. பாசம் போனதால் சேக்காளிகள் விலகுவதில்லை. எப்படி வருவது, வந்தால் என்ன பேசுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அதனால்தான் விலகுகிறார்கள். சொல்லிக் கொடுக்க வேண்டியது வீட்டில் இருக்கிற நாம்தான். மருந்து வேளை பார்ப்பது போல நட்புக்கும் நாள், நேரம், ஆள் பார்த்து ஏற்பாடு செய்ய வேண்டும். இந்த நான்கு வருடத்தில் நாங்கள் செய்ததையும், செய்யத் தவறியதையும் வைத்து இதை எழுதுகிறேன். 2023-இல் வெளியான ஒரு தேசிய ஆய்வுக் கணக்குப்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு ஏழு பேருக்கு மேல் டிமென்ஷியா இருக்கிறது. சுமார் 88 லட்சம் பேர். உங்கள் தெருவிலும் நிச்சயம் ஒருவர் இருப்பார்.

படி 1: உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

"முன்ன மாதிரி யார்கூடவும் பேச மாட்டேங்கிறார், ஒதுங்கிட்டார்" என்று நாம் சொல்வோம். அந்த ஒதுக்கத்துக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கும். ஐந்து பேர் மாறி மாறிப் பேசும்போது யார் என்ன சொன்னார், பேச்சு எங்கே தாவியது என்று பின்தொடர மூளை படாத பாடு படுகிறது. பதில் யோசித்து முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். நாக்கு நுனியில் நிற்கிற வார்த்தை வெளியே வராது. ஒருமுறை எல்லார் முன்னாலும் தடுமாறியவர், அடுத்த முறை வாயைத் திறக்காமல் இருப்பதே மரியாதை என்று நினைப்பார். இதில் வெட்கம்தான் பெரிய பங்கு.

இன்னொன்று, எதிலும் முனைப்பு இல்லாமல் போவது. இது நோயின் அறிகுறி. தானாகக் கிளம்ப மாட்டார், தானாகப் போன் எடுக்க மாட்டார். ஆனால் கூட்டிப்போனால் நன்றாகவே இருப்பார். "விருப்பமில்லை போல" என்று விட்டுவிடுவதுதான் வீட்டார் செய்கிற முதல் தவறு. நாங்களும் செய்தோம்.

சேக்காளிகள் பக்கமும் காரணங்கள் உண்டு. "நாளைக்கு நமக்கும் இப்படி ஆகிடுமோ" என்ற பயம் அந்த வயதில் எல்லாருக்கும் இருக்கிறது. "போனாலும் மறந்துடுவான், போய் என்ன ஆகப்போகுது" என்ற எண்ணம் வேறு. அவர்களுக்கும் எழுபது, எழுபத்தைந்து வயது ஆகிவிட்டது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். முழங்கால் வலியோடு மாடிப்படி ஏற முடியாமல் வராதவரைப் போய் "மனசு மாறிட்டார்" என்று நினைக்கக் கூடாது. எங்கள் வீடு முதல் மாடி. ஒருவர் வராததற்கு அந்தப் பதினெட்டுப் படிதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது.

மூன்றாவது காரணம் நாமேதான். "வெளிய தெரிஞ்சா பேத்திக்கு வரன் தட்டிப்போகும்", "புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு பேசுவாங்க" என்று நோயை மூடி மறைக்கிறோம். மறைத்தால் கோபம், சந்தேகம், பணக் குழப்பம் எல்லாம் அந்த மனிதரின் குணம் என்று ஊர் முடிவு செய்துவிடும். நோய் என்று தெரிந்தால் பொறுத்துப் போகிறவர்கள்தான் அதிகம்.

படி 2: காது, கண், மனசு மூன்றையும் சோதித்துவிடுங்கள்

அப்பா பேச்சில் கலந்துகொள்ளாததற்குப் பாதிக் காரணம் வலது காது. காது மெஷின் வைத்த பிறகு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் பதில் வர ஆரம்பித்தது. லான்செட் மருத்துவ இதழின் டிமென்ஷியா ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட, டிமென்ஷியா வரும் வாய்ப்பைக் கூட்டுகிற 14 காரணிகளில் காது கேளாமை, சரிசெய்யாத பார்வைக் குறை, மற்றவர்களிடமிருந்து துண்டிக்கப்பட்டுத் தனித்துப் போவது மூன்றுமே இருக்கின்றன. காது போனால் பேச்சு போகும், பேச்சு போனால் ஆட்கள் போவார்கள். கண்புரை, தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு இவற்றையும் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். மனச்சோர்வுக்கு மருந்து இருக்கிறது. "மறதிதானே" என்று அதையும் சேர்த்து விட்டுவிடாதீர்கள்.

படி 3: முதலில் அவரையே கேளுங்கள்

யாரிடம் சொல்லலாம், என்ன சொல்லலாம் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நோய் வந்தவர். ஆரம்ப நிலையில் அவரால் தெளிவாகச் சொல்ல முடியும். அந்தக் காலம் நீடிக்காது, அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

"அப்பா, உங்க செட்டுல யார்கிட்ட நான் பேசட்டும்?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு மூன்று பெயர் சொன்னார். மீதி இருந்த ஒருவரிடம் சொல்ல வேண்டாம் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை அவரிடம் நாங்களாகச் சொல்லவில்லை. 'அல்சைமர்' என்ற வார்த்தை அப்பாவுக்குப் பிடிக்காது, 'ஞாபகப் பிரச்சினை' என்றால் ஒத்துக்கொள்வார். அதனால் அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டோம்.

படி 4: எல்லாரையும் பிடித்து வைக்கப் பார்க்காதீர்கள்

ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இவரோடு சேர்ந்து அவர் என்ன செய்வார் என்று எழுதுங்கள். நடையா, கேரமா, சீட்டாட்டமா, கோயிலா, பழைய பாட்டா, கிரிக்கெட்டா? வெறும் பேச்சில் நிற்கிற நட்புதான் முதலில் தேயும், ஏனென்றால் பேச்சுதான் முதலில் தடுமாறும். கையும் காலும் சேர்ந்து செய்கிற பழக்கங்கள் மூளையில் வேறு இடத்தில் பதிந்திருப்பவை, அவை ரொம்ப நாள் தாங்கும். ரயில்வே மாமா பெயருக்கு எதிரே நான் எழுதியது: "நடை, பருத்திப்பால், எம்.எஸ்.வி. பாட்டு." அது போதுமானதாக இருந்தது.

பெண்களுக்கு இந்தப் பட்டியலே வேறு மாதிரி இருக்கும். பலருக்கு 'சிநேகிதி' என்று தனியாக யாரையும் சொல்லத் தெரியாது. ஆனால் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பூக் கட்டியவர், சுய உதவிக் குழுவில் பக்கத்தில் உட்கார்ந்தவர், ஆடி மாதம் சேர்ந்து கூழ் ஊற்றியவர் எல்லாரும் சிநேகிதிகள்தான். மருமகளோ மகளோ அந்தப் பெயர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். மகன் வீட்டுக்கு வேறு ஊருக்குக் கூட்டிப்போகும்போது அம்மாக்கள் இழப்பது இந்த வாசலைத்தான். முடிந்தவரை பழைய தெருவிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம்.

படி 5: நேரில் போய்ச் சொல்லுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போங்கள், அல்லது போனில் கூப்பிடுங்கள். மூன்றே விஷயம் சொன்னால் போதும்: என்ன நோய், அதனால் எது மாறும், அந்தச் சேக்காளியிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும். நான் சொன்னது ஏறக்குறைய இப்படி:

"மாமா, அப்பாவுக்கு ஞாபகப் பிரச்சினைன்னு டாக்டர் சொல்லிட்டார். சொன்னதையே சொல்லுவார், சில நேரம் பேரு வராது, பணம் கொடுத்தது மறந்துபோகும். உங்களை மறக்கலை. வாரத்துல ஒருநாள், புதன்கிழமை காலைல அரை மணி நேரம் வந்து அவரைத் தெப்பக்குளத்துக்குக் கூட்டிட்டுப் போக முடியுமா? ஆட்டோ நான் அனுப்புறேன்."

'எப்போ வேணா வாங்க' என்று சொன்னால் யாரும் வர மாட்டார்கள். நாள் சொல்லுங்கள், நேரம் சொல்லுங்கள், எவ்வளவு நேரம் என்றும் சொல்லுங்கள். அரை மணி நேரம்தான் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். பணம் பற்றித் தனியாகச் சொல்லிவிடுங்கள்: "அவர் கேட்டால் கொடுக்க வேண்டாம், 'வீட்ல கொடுத்துட்டேன்'னு சொல்லிட்டு எனக்குப் போன் போடுங்க."

தெருவிலும் இரண்டு மூன்று பேருக்குத் தெரிய வேண்டும். டீக்கடைக்காரர், மளிகைக் கடை அண்ணாச்சி, முடி வெட்டுகிறவர். அப்பா சட்டைப் பையில் பெயரும் என் போன் நம்பரும் எழுதிய அட்டை எப்போதும் இருக்கும். ஜப்பானில் 2005-இலிருந்து கடைக்காரர்கள், வங்கி ஊழியர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று சாதாரண மக்களுக்கு ஒன்றரை மணி நேரப் பயிற்சி கொடுத்து டிமென்ஷியா ஆதரவாளர்களை உருவாக்குகிறார்கள். ஒரு கோடிப் பேருக்கும் மேல் அதில் சேர்ந்திருக்கிறார்கள். அந்த ஏற்பாடு இங்கே வருகிற வரை டீக்கடை அண்ணனிடம் நாமே பத்து நிமிடம் பேசிவிடலாம்.

படி 6: "என்னைத் தெரியுதா?" வேண்டவே வேண்டாம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். நம் ஊரில் நினைவு தடுமாறுகிறவரைப் பார்க்க வருகிற எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். "என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்!" பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் அது பரீட்சை. ஒருமுறை அத்தை இப்படிக் கேட்டபோது அப்பா வேட்டி நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டே என்னைப் பார்த்தார். சொந்தத் தங்கை என்று தெரிகிறது, பெயர் வரவில்லை. அத்தை விடாமல், "சொல்லுங்கண்ணே, சொல்லுங்க" என்றார். அப்பா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு வருகிற எல்லாரிடமும் வாசலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் பெயரை நீங்களே சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள். "மாப்ள, நான்தான் ரயில்வே கணேசன், தெப்பக்குளத்துக்குப் போலாமா?" என்று மாமா ஆரம்பிக்கிறார். (பெயரை மாற்றியிருக்கிறேன்.) பெயர், உறவு, வந்த காரியம் மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. அப்பா தேட வேண்டியது எதுவும் இல்லை.

வருகிறவர்களிடம் இன்னும் சிலவற்றைச் சொல்லி வையுங்கள்.

டிவியை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேச வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான். "என்ன சாப்பிடுற?" என்பதைவிட "காபியா, டீயா?" சுலபம். கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள், மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். "நேத்து என்ன பண்ணின?" என்று கேட்க வேண்டாம், நேற்று என்பது அவரிடம் இல்லை. "நீ மேலூர்ல வேலை பார்த்தப்போ பஸ் வராம நடந்தே வந்தியே" என்று நீங்கள் ஆரம்பித்துக் கொடுங்கள், அவர் தொடர்வார். அதே கதையை மூன்றாவது முறை சொன்னால் மூன்றாவது முறையும் கேளுங்கள். தேதி தப்பு, ஊர் தப்பு என்று திருத்துவதில் யாருக்கும் லாபம் இல்லை.

இறந்துபோன சேக்காளியை "அவன் ஏன் வரலை?" என்று கேட்டால் என்ன சொல்வது? இதுதான் எல்லாரையும் உலுக்குகிற கேள்வி. "அவர் போய் மூணு வருஷம் ஆச்சே" என்று ஒவ்வொரு முறையும் சொன்னால், ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் சாவு. நாங்கள் அந்த மனிதரைப் பற்றிப் பேச்சை எடுக்கிறோம். "அவர் சைக்கிள்ல உங்களை டபுள்ஸ் அடிச்சுக் கூட்டிட்டுப் போவாரே அப்பா" என்றால் முகம் மலர்ந்துவிடும். கேட்டது அந்தச் சேக்காளியின் நினைப்புக்காகத்தான், தகவலுக்காக இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சில நாள் நேராகவே "செத்துட்டானா?" என்று கேட்பார். அப்போது பொய் சொல்ல மாட்டோம். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வோம்.

படி 7: பழைய சந்திப்பைச் சின்னதாக்குங்கள்

ஐந்து பேர் செட்டை ஒருவராகக் குறையுங்கள், கூடிப்போனால் இருவர். மூன்று சுற்றை ஒன்றாக்குங்கள். ரம்மி முடியவில்லை என்றால் சீட்டை நிறம் பிரித்து அடுக்கலாம், அது சலித்தால் சும்மா கலைத்துப் போடலாம். நேரம் காலைதான். மாலையில், பொழுது சாய்கிற நேரத்தில் பலருக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும். அந்த நேரத்தில் யாரையும் வரச் சொல்லாதீர்கள்.

இடம் மாறாமல் இருப்பது பெரிய உதவி. அதே சுவர், அதே டம்ளர், சுக்கும் கருப்பட்டியும் கலந்த அதே வாசம். பருத்திப்பால் டம்ளரைக் கையில் வாங்கியதும் அப்பா இன்றும் ஊதி ஊதித்தான் குடிக்கிறார். குடித்து முடித்ததும் மாமாவின் டம்ளரையும் வாங்கி வண்டிக்காரரிடம் கொடுக்கிறார். அந்தப் பழக்கத்தை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

படி 8: கல்யாணம் காட்சிகளுக்கு

முழுக்க நிறுத்த வேண்டாம். முதல் நாள் ரிசப்ஷனைத் தவிர்த்துவிட்டு மறுநாள் முகூர்த்தத்துக்குக் கூட்டிப்போங்கள். ஸ்பீக்கருக்கும் மேளத்துக்கும் தள்ளி, வழியோரம் நாற்காலி போடுங்கள். முதல் பந்தியில் சாப்பிட வைத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடலாம். அவரை விட்டு நகராமல் ஒருவர் கூட இருக்க வேண்டும். கழிவறை எங்கே என்று போனதும் பார்த்து வையுங்கள். துக்க வீட்டைப் பொறுத்தவரை, நெருங்கிய சேக்காளி என்றால் கூட்டிப்போவது சரி என்றே நினைக்கிறேன். மாலை போடுகிற உரிமை அவருக்கும் உண்டு, நாளைக்கு மறந்தாலும்.

படி 9: மனஸ்தாபம் வந்தால்

வரும். "என் வாட்சை எடுத்துட்ட" என்று பழி வரும். சில வகை டிமென்ஷியாவில், முக்கியமாக மூளையின் முன்பகுதியைத் தாக்குகிற வகையில், மறதிக்கு முன்பே பேச்சில் நாகரிகம் போய்விடும். பொது இடத்தில் கூசுகிற வார்த்தை வரும். அந்த இடத்தில் வாதம் செய்யாமல் பேச்சை மாற்றுங்கள், இடத்தை மாற்றுங்கள். அன்று மாலையே அந்தச் சேக்காளிக்குப் போன் செய்து, "மனசுல வச்சுக்காதீங்க மாமா" என்று சொல்லிவிடுங்கள். ஒரு நாள் தள்ளினாலும் அது ஆறாத புண்ணாகிவிடும்.

படி 10: புது ஆட்கள்

பழையவர்கள் சிலர் போனது போனதுதான். அதை ஏற்றுக்கொண்டு புதியவர்களையும் தேடுங்கள். இதே நிலையில் இருக்கிற இன்னொருவரோடு உட்காரும்போது தடுமாற்றத்தை மறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்கிற இந்திய அல்சைமர் சங்கத்துக்குச் சென்னை உட்படப் பல ஊர்களில் கிளைகள் உண்டு. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு 'டெம்கேர்ஸ்' என்ற டிமென்ஷியா பராமரிப்புத் திட்டத்தை நடத்துகிறது. முதியோர் உதவி எண் 14567. மனம் தாங்காமல் போனால், உங்களுக்காகவும்தான், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416.

படி 11: பேச்சே நின்ற பிறகு

அப்போதும் வரச் சொல்லுங்கள். 2014-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான, சந்தோஷமான படத்துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால், பார்த்தது ஏறக்குறைய எதுவும் நினைவில் இல்லை. ஆனால் அந்தச் சோகமும் சந்தோஷமும் அரை மணி நேரம் வரை அவர்களிடம் இருந்தன. "போனாலும் மறந்துடுவான்" என்கிற சேக்காளிக்கு நான் சொல்கிற பதில் இதுதான். நீங்கள் வந்தது மறந்துபோகும், வந்ததால் வந்த நிம்மதி அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அவரிடம் இருக்கும். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய பாட்டை மெதுவாகப் பாடுங்கள். பேசாதவர்கள்கூடச் சில நேரம் பாட்டின் வரியோடு சேர்ந்துகொள்வார்கள்.

படி 12: பார்த்துக்கொள்கிறவரின் சிநேகிதிகள்

இதை நாங்கள் ரொம்பத் தாமதமாகக் கவனித்தோம். அப்பாவுக்காக எல்லார் வீட்டுக்கும் நடந்த நான், அம்மா மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது என்பதைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு அக்காதான் சொன்னார்: "உங்கம்மா எங்கூடப் பேசுறதே இல்ல, ஜன்னலைக்கூடத் திறக்குறதில்ல." அம்மாவிடம் கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பதுதான் பதில். அதை நம்பாதீர்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம், நாள் குறித்து, அவருக்கு என்று விடுதலை வேண்டும். வருகிற சேக்காளிகளிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "நீங்க இருக்கிற நேரத்துல அம்மா வெளிய போய்ட்டு வரலாமா?"

இப்போது வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ரயில்வே மாமா வந்துவிடுகிறார். அவர் வருவதற்கு முன்னால் அம்மா பருத்திப்பாலை ஃபிளாஸ்கில் ஊற்றி, இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு, எதிர்வீட்டு அக்காவோடு கோயிலுக்குக் கிளம்பிவிடுகிறார். பதினொன்றரை மணிக்குத் திரும்பி வந்து அப்பா நெற்றியில் குங்குமம் வைக்கிறார்.